பழம் பொறியும் புதுக் கையும்

அறியாதவன் ஒருவனுக்கு ஒரு பொருளின்மீது கைவைக்க என்ன உரிமை உண்டு என்னும் வினா ஒழுக்கவியல் நூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. மருத்துவ மாணவன் நோயாளியின் உடலைத் தொடும்போது அவ்வினா எழுகின்றது. அதற்கெனச் சம்மதம், மேற்பார்வை, சட்டம் ஆகியன வகுக்கப்பட்டுள்ளன. உயிரற்ற பொருள்களைப் பொறுத்தவரை, உடைமையாளன் விரும்பியதைச் செய்யட்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. அவ்வாறு முடித்துவிடுதல் சரிதானா என ஆராய்வதற்குச் சிகிரியாச் சுவரோவியம் போன்ற பெரும் கலைச்செல்வங்கள் உதவமாட்டா. அவற்றைக் கற்றுக்குட்டியிடம் ஒப்படைக்கலாகாது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எவரும் தத்துவத்தோடு தொடர்புபடுத்தாத ஓர் எளிய பொருளை, அதாவது பழைய தோட்ட உழவு இயந்திரம் ஒன்றினை எடுத்துக்கொள்ளும்போதுதான் வினாவின் முள் தைக்கின்றது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் நகரங்களைச் சூழ்ந்து, வீடும் அதனைச் சுற்றி நிலமுமாகப் புதிய குடியிருப்புகள் பெருகின. பண்ணை உழவு இயந்திரம் அந்நிலத்துக்கு மிகப் பெரிது; கையால் தள்ளும் புல்வெட்டியோ மிகச் சிறிது. இடைப்பட்ட தேவையை நிறைவுசெய்யவே தோட்ட உழவு இயந்திரம் தோன்றியது. பண்ணைப் பொறிகளுக்குப் பேர்பெற்ற இன்ரநஷனல் ஹாவெஸ்ரர் நிறுவனம் 1960 இல் கென்ரக்கி மாநிலத்து லூயிவில் ஆலையில் 'கப் கடெற்' என்னும் பொறியைச் செய்யத் தொடங்கியது. மஞ்சளும் வெள்ளையுமாகத் தீட்டப்பட்ட அதன் முதல் வகை 1963 வரையில் 60,000 இற்கு மேல் விற்பனையாயிற்று. அதே 1963 இல் ஜோன் டியர் நிறுவனமும் தன் '110' வகையுடன் சந்தைக்கு வந்தது. இரண்டிலும் இருந்தது கோலர் நிறுவனத்தின் வார்ப்பிரும்பாலான ஒற்றை உருளை எஞ்சின். முதல் 'கப் கடெற்'றில் அதன் வலு 7 குதிரைவலு. இன்றைய மின்னணுச் சாதனம் எதுவும் அதில் இல்லை. தீப்பொறியை உண்டாக்குவது ஒரு சோடித் தொடுமுனைகள். அவற்றுக்கிடையே இருக்கவேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு. ஓர் இளைஞன் சில சாவிகளையும் ஓர் இடைவெளி அளவுத்தகட்டையும் வைத்துக்கொண்டு அதன் உள்ளுறுப்புகள் அனைத்தையும் கண்ணால் காணலாம். பழுதாகும் என்பதையும், பழுதானதைத் திருத்துவதற்கு ஒருவன் வருவான் என்பதையும் ஏற்றுக்கொண்டு செய்யப்பட்ட பொறி அது. இன்றைய பெரும் உழவு இயந்திரங்களின் கணினிப் பூட்டுகளை எதிர்த்து, தம் பொறியைத் தாமே திருத்தும் உரிமையைச் சட்டத்தால் பெறவேண்டிய நிலை 2023 இல் கொலறாடோ மாநில விவசாயிகளுக்கு ஏற்பட்டதை எண்ணும்போது, அந்த ஏற்பு எத்துணை பெரிய மரியாதை என்பது புலனாகும்.

இத்தகைய பொறிகளுட் பல கொட்டில்களில் முப்பது, நாற்பது ஆண்டுகள் கிடந்து துருவேறிய பின்னர் மிகச் சொற்ப விலைக்குக் கைமாறுகின்றன. வாங்குபவன் பெரும்பாலும் தொடக்கக்காரன். பாட்டன் ஓட்டிய பொறி என்பதால் ஒருவன் வாங்குகின்றான். தன் கையால் எதையேனும் இயங்கச் செய்யவேண்டும் என்ற வேட்கையால் இன்னொருவன் வாங்குகின்றான். அவனுக்குச் சொல்லப்படும் முதற் பாடம் எளிது. எஞ்சின் இயங்க மூன்று வேண்டும்: எரிபொருள், தீப்பொறி, அமுக்கம். பழைய பெற்றோல் காபரேற்றரினுள் பிசினாக உறைந்திருக்கும். கழற்றிக் கழுவ வேண்டும். தொடுமுனைகளில் களிம்பு படிந்திருக்கும். தேய்த்துத் துடைக்க வேண்டும். பிஸ்ரன் உருளையோடு இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெயை ஊற்றி நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவ்வளவும் ஒரு தாளில் எழுதிவிடக் கூடியவை. எழுத முடியாதது அடுத்து வருகின்றது.

உருளைத் தலையைக் கழற்ற முனையும் தொடக்கக்காரன் ஆணியொன்றின்மீது சாவியை வைத்துத் திருப்புகின்றான். அது அசைய மறுக்கின்றது. மேலும் வலுவைச் செலுத்துகின்றான். திடீரென அது இலகுவாகச் சுழல்கின்றது. வென்றுவிட்டதாக அவன் மகிழும் அக்கணத்திலேயே ஆணியின் தலை கையோடு வந்துவிடுகின்றது. தண்டு உள்ளேயே தங்கிவிடுகின்றது. அல்லது, சமநிலைச் சில்லைக் கழற்றுவதற்குரிய இழுகருவி இல்லாமையால் திருப்புளியைச் செருகி நெம்புகின்றான். குளிரூட்டும் செதிலொன்று முறிகின்றது. சுத்தியலால் அடித்தால் சுழற்றித்தண்டின் முனையே சிதைகின்றது. அறுபது ஆண்டுகளாக முழுமையாக இருந்த ஒன்று அவன் கைபட்ட ஒரு மணித்தியாலத்தில் குறைபட்டுவிட்டது. கொட்டிலிலேயே விட்டிருந்தால் அது துருவோடேனும் முழுமையாக இருந்திருக்கும்.

இங்கே தவறு நிகழ்ந்துள்ளதா? நிகழ்ந்துள்ளது எனின் யாருக்கு?

பொறிக்கு வலி இல்லை. ஆதலின் பொறிக்கு இழைத்த தீங்கு என ஒன்று இல்லை என்பது விரைந்து தரப்படும் விடை. ஆயின் பொருளுக்குத் தீங்கு செய்தல் என்பது எப்போதும் பொருளின் வலியைக் குறிப்பதன்று. அப்பொருளினூடாகச் சிலர் சிலருக்கு எதையோ ஒப்படைத்திருக்கின்றனர். வார்ப்பாலைத் தொழிலாளியின் உழைப்பு அதில் உண்டு. அறுந்த தாங்கியொன்றை எப்போதோ பற்றாசு வைத்து ஒட்டிய, பெயர் தெரியாத உடைமையாளன் ஒருவனின் அக்கறையும் உண்டு. நாளை அதனைப் பெறப்போகும் ஒருவனின் எதிர்பார்ப்பும் உண்டு. சட்டத்தின்படி பொறி அவனுடையதுதான். சட்டம் தரும் உடைமை இவ்வுறவுகளை அழித்துவிடுவதில்லை. ஏட்டுச்சுவடி ஒன்றின் உடைமையாளன் அதை அடுப்பிலிட்டால், அவனுடையதைத்தானே அவன் எரித்தான் என்று தமிழ் மாணவர் எவரும் அமைதியடையமாட்டார்.

இவ்விடத்தில் அரிஸ்ரோட்டில் கூறிய ஒன்று நினைவுகூரத்தக்கது. செய்யக் கற்றுக்கொண்ட பின்னரே செய்ய வேண்டியவற்றைச் செய்து பார்த்தே கற்கின்றோம் என்பதும், வீடு கட்டுவதாலேயே ஒருவன் கட்டடக் கலைஞன் ஆகின்றான் என்பதும் அவருடைய நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் இரண்டாம் நூலில் வரும் கருத்து. நற்குணமும் அவ்வாறே பழகிப் பெறப்படுவது என நிறுவுவதற்கு அவர் கைவினையை உவமையாக்கினார். உவமையின் ஒரு பக்கத்தை அவர் விரித்துரைக்கவில்லை. கட்டிக் கற்பவனின் முதல் வீட்டில் யாரோ குடியிருந்தாக வேண்டும். கற்றலின் செலவு கற்பவனுடையது மாத்திரமன்று; அவன் எதன்மீது கற்கின்றானோ அதுவும் ஒரு பங்கைச் செலுத்துகின்றது. ஆசிரியனின் முதலாண்டு வகுப்பும், மருத்துவனின் முதல் தையலும், தொடக்கக்காரனின் முதல் எஞ்சினும் இதில் ஓரினமானவை.

திருத்த முடியாததைச் செய்யாதே, திருத்தக்கூடியதை மட்டும் செய் என்பது இதற்கு அறிஞர் தரும் விடை. கழற்றுமுன் படம் பிடித்துவை; ஆணிகளைச் சிறு பைகளிலிட்டுப் பெயரெழுது; எதையும் வெட்டாதே, துளையிடாதே. சிறந்த அறிவுரைதான். ஆயினும் அதன் அடியில் ஒரு குழி இருக்கின்றது. எது மீளக்கூடியது, எது மீளாதது என்று பிரித்தறிவதே தேர்ச்சியின் பெரும் பகுதி. அவ்வேறுபாடு தெரிந்தவன் தொடக்கக்காரன் அல்லன். ஆணியைத் திருப்பிய அவன் மீளாச் செயலொன்றைத் துணிந்து செய்யவில்லை. சாதாரணச் செயலொன்றைச் செய்வதாகவே எண்ணினான். அறிவுரை யாருக்கு வேண்டுமோ அவனால் அதனைப் பின்பற்ற முடிவதில்லை; பின்பற்றக் கூடியவனுக்கு அது வேண்டியதில்லை.

இக்குழியிலிருந்து ஏறுவதற்குப் பொறியே ஓரளவு கைகொடுக்கின்றது. றொபேட் பேர்சிக் 1974 இல் வெளியிட்ட, மோட்டார்ச் சைக்கிள் பராமரிப்பைத் தலைப்பிற் கொண்ட நூலில், இறுகிப்போன திருகாணி ஒன்றைப் பற்றி நீண்டதோர் ஆராய்ச்சி உண்டு. சில சதம் பெறும் திருகாணி, அசைய மறுத்த கணத்தில் முழுப் பொறியின் விலையையும் தான் பெற்றுக்கொள்கின்றது என்பது அவ்வாராய்ச்சியின் சாரம். பேர்சிக் அதனை மனநிலை பற்றிய பாடமாக்கினார். ஈண்டு அதனை ஒழுக்கப் பாடமாகவும் கொள்ளலாம். அறியாதவனுக்கும் புலப்படும் ஓர் அடையாளம் உண்டு. அது எதிர்ப்பு. எதிர்பார்த்ததற்கு மேலாக ஒரு பொருள் மறுக்கும்போது, அங்கே தான் அறியாத ஒரு காரணம் இருக்கின்றது என்பதையாவது அவன் அறிகின்றான். வலப்புறம் திருப்பிக் கழற்றவேண்டிய மறைப்புரியாக இருக்கலாம். மறைந்த பூட்டாணி இருக்கலாம். எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று அரித்து இறுகியிருக்கலாம். காரணம் எதுவென்று தெரியாவிடினும் நிறுத்தலாம், கேட்கலாம். அறியாமை குற்றமன்று. மறுப்பை உணர்ந்த பின்னரும், கேட்பதற்கு வெட்கியோ சலித்தோ சாவியின் கைப்பிடியில் குழாயொன்றை மாட்டி நீளமாக்குவதிலேதான் குற்றம் தொடங்குகின்றது.

இவ்வாறு கூறிவிட்டாலும் வினா முற்றாகத் தீர்ந்துவிடுவதில்லை. மைக்கல் பொலான்யி காட்டியது போல, மனிதன் சொல்லக்கூடியதைவிட அதிகமாக அறிந்திருக்கின்றான். தேர்ந்தவனின் மணிக்கட்டு அறிந்திருப்பதை அவனாலேயே சொற்களாக்க முடிவதில்லை. இறுக்கம் என்பது எது, முறிவுக்குச் சற்றே முந்திய நெகிழ்ச்சி என்பது எது என்ற வேறுபாட்டை, ஓர் ஆணியாவது தன் கையில் முறிந்தவனே முழுமையாக அறிவான். எந்தத் தேர்ந்த பொறித் திருத்துநரும் இதனை மறுக்கமாட்டார். ஆகவே எத்துணை பணிவோடு தொடங்கினாலும், ஏதோவொரு சேதம் கற்றலின் உள்ளேயே வைக்கப்பட்டுள்ளது. அச்சேதத்துக்காக அவனைப் பழிப்பது முறையன்று. அவனுக்கு அதில் ஒன்றுமே இல்லை என்பதும் முறையன்று. பழி இல்லாத இடத்திலும் கடன் இருக்கக்கூடும். முறிந்த ஆணியை அவன் பழியாகக் கொள்ளாமல் கடனாகக் கொண்டால், அடுத்த செயல் என்ன என்பது அவனுக்கு விளங்கும். தண்டின் நடுவைக் குறியிட்டு, மெல்லத் துளைத்து, தேவையானால் சூடேற்றி அதை வெளியே எடுப்பது முறித்ததைவிடப் பன்மடங்கு நேரம் கொள்ளும் வேலை. பெரும்பாலோர் பொறியைக் கைவிடுவது இவ்விடத்திலேயே. கொட்டில்களில் பாதி கழற்றிய நிலையிற் கிடக்கும் பொறிகள் முன்னைய தொடக்கக்காரர் செலுத்தாத கடன்கள்.

அப்படியாயின், தேர்ந்தவரிடமே எல்லாவற்றையும் ஒப்படைத்தால் என்ன? இதுவே வலுவான எதிர்வாதம். ஒரு தனிப் பொறியை மட்டும் நோக்கினால் இவ்வாதத்தை மறுக்க இயலாது. ஒரு தலைமுறையை நோக்கும்போது அது தன்னைத்தானே அறுத்துக்கொள்கின்றது. தேர்ந்தவர் ஒவ்வொருவரும் எங்கோ ஒரு பொறியைக் கெடுத்தே தேர்ந்தவரானார். இன்று கற்றுக்குட்டிகளுக்குக் கதவை அடைத்தால் நாளை ஒப்படைப்பதற்கு எவரும் இரார்; அப்போது நன்கு பேணப்பட்ட பொறிகளும் விளங்காத இரும்பாகிவிடும். எனவே அவன் எதன்மீது கற்கலாம் என்று கேட்பதே பொருத்தம். ஆயிரக்கணக்கில் எஞ்சியுள்ளவற்றில் ஒன்றினைத் தேர்வது நேர்மை. எஞ்சியிருக்கும் கடைசிச் சிலவற்றுள் ஒன்றினைத் தன் முதற் பொறியாக்குவது செருக்கு. இன்று மலிவானவையே நாளை அரியவையாகும் என்பது உண்மைதான். அந்த இடர்ப்பாட்டுக்கு முழுமையான தீர்வு இருப்பதாகத் தெரியவில்லை.

எந்நிலைக்கு மீட்பது என்பது அடுத்த வினா. இங்கே பழைய போர் ஒன்று மீண்டும் மூள்கின்றது. கட்டடங்களைப் பொறுத்தமட்டில் ஜோன் ரஸ்கின் 1849 இலேயே மீட்டமைப்பு என்பது அழிவின் மோசமான வடிவம் எனக் கடிந்தார். பிரான்சில் வியோலே-லெ-டுக் என்பாரோ, ஒருபோதும் இருந்திராத ஒரு நிறைநிலைக்குக் கட்டடத்தைக் கொண்டுவருதலும் மீட்டமைப்பாகும் என்றார். வில்லியம் மொறிஸ் 1877 இல் பழங்கட்டடப் பாதுகாப்புக்கென ஒரு சங்கத்தையே நிறுவினார். தோட்டக் கொட்டிலில் இத்தகராறு சாயத்தைப் பற்றியதாக உருவெடுக்கின்றது. மங்கி, உரிந்து, இருக்கையின் அருகே காற்சட்டை உராய்ந்து இரும்பு தெரியும் மஞ்சளை அப்படியே விடுவதா, சுரண்டியெறிந்து விற்பனையறையில் நின்றபோது இருந்ததைவிடவும் பளபளக்கத் தீட்டுவதா? தொடக்கக்காரன் பெரும்பாலும் தீட்டவே விரும்புகின்றான். எஞ்சினுக்குள் செய்த வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை, சாயம் தெரிகின்றது. அவன் விருப்பம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் அந்த உராய்வு ஒருவன் நாற்பது கோடைகள் ஏறியிறங்கியதன் பதிவு. புதுச் சாயத்தை எப்போதும் தீட்டலாம். அந்தப் பதிவை எவராலும் திருப்பித் தீட்ட முடியாது. ஐயமுள்ள இடத்தில் விட்டுவைப்பதே மேல் என்று தோன்றுகின்றது. இதற்கு விலக்கும் உண்டு. அக்காலச் சாயங்களில் ஈயம் கலந்திருந்தது. பழைய தடுப்புப் பட்டைகளில் கல்நார் இருந்தது. அவற்றைக் காய்ந்த நிலையில் உராய்ந்து, தூளை வீட்டுப் பிள்ளைகள் சுவாசிக்க விடும் 'உண்மைத்தன்மை' எவருக்கும் தேவையில்லை. சுழலும் உறுப்புகளுக்கு மூலப்பொறியில் மறைப்பு இல்லையெனினும் புதிதாக மறைப்பிடுவதே தகும். ஒரு விரலைவிட வரலாறு பெரிதன்று.

உதிரிப்பாகங்களின் விடயம் இன்னும் நுண்ணியது. தீசியசின் கப்பலில் பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டபோது அது அதே கப்பல்தானா என ஏதென்சின் தத்துவஞானிகள் வாதிட்டதை புளூட்டாக் குறிப்பிடுகின்றார். தோமஸ் ஹொப்ஸ் 1655 இல் அதன் மேலொரு முடிச்சிட்டார்: கழற்றிய பலகைகளைச் சேர்த்து மற்றொருவன் இன்னொரு கப்பல் கட்டினால் எது மூலக்கப்பல்? பழம்பொறி விரும்பிகளுக்கு இது நூற்கற்பனையன்று. மூன்று பொறிகளைச் சிதைத்து ஒன்றினை ஓடச்செய்வது அங்கே வழக்கம். எது 'அதே' பொறி என்னும் வினாவுக்கு மெய்ப்பொருளியல் விடைதராமற் போகலாம். ஒழுக்கவியல் தெளிவான விடையொன்றைத் தருகின்றது. மாற்றியதை மாற்றியதாகச் சொல். இலக்கத்தகட்டைப் பிடுங்கி வேறொன்றில் பொருத்தி மூலம் என்று விற்பவன் கப்பலைப் பற்றிய ஐயத்தை வணிகமாக்குகின்றான். சிறுப்பிட்டியில் பிறந்து, தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளிலிருந்து 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர் எதிர்கொண்டதும் இதே கடமைதான். சிதைந்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பிவிட்டு மூலம் போலக் காட்டுவதற்கும், ஊகத்தை ஊகமெனக் காட்டுவதற்கும் உள்ள தூரம் புலமையை மட்டும் பொறுத்ததன்று.

இவையனைத்தும் ஓய்வுள்ளவனின் சிக்கல்கள் என்ற குறைகூறல் எழும். அக்குறைகூறல் நியாயமானதே. பிரித்தானியாவில் செய்யப்பட்ட 'லான்ட்மாஸ்ரர்' என்னும் இரு சக்கர உழவு இயந்திரம் இலங்கையின் வடபுலத்துத் தோட்டங்களுக்கு வந்தபோது, அந்நிறுவனத்தின் பெயர் அவ்வகைப் பொறி அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று; பின்னர் யப்பானியப் பொறி வந்தபோதும் தோட்டக்காரர் அதனை லான்ட்மாஸ்ரர் என்றே அழைத்தனர். அங்கே ஒரு பொறியைத் திருத்துவதற்கு அதன் பழமை காரணமாக இருந்ததில்லை. மறுநாள் வேலை காரணமாக இருந்தது. 1990 இன் பின்னர் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்ட ஆண்டுகளில், ஏ 40 கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. கிடைத்ததை அறுத்து, கடைந்து, பொருத்தினர். எது மூலம், எது மாற்று என்று கேட்பதற்கு அங்கே எவருக்கும் நேரமிருக்கவில்லை. அதனைப் பொற்காலமாக்குவது பெரும் பிழை: மண்ணெண்ணெய்ப் புகை நெஞ்சை அடைத்தது, எஞ்சின் எண்ணெய் நீர்த்தது, உருளைகள் தேய்ந்தன, வறுமையே ஆசானாக இருந்தது. எனினும் ஒன்றை மறுக்க இயலாது. ஐம்பதுகளின் கார்களை அரைநூற்றாண்டுக்கு மேல் உயிரோடு வைத்திருந்தவர்கள், அவற்றை ஒருநாளும் பழம்பொருளாகக் கருதாதவர்களே. அவர்களிடம் கழுவப்படாத கைகளோடு நின்று கற்ற சிறுவர்களும் தொடக்கக்காரரே. அவர்கள் ஆணியை முறித்தபோது ஒரு குடும்பத்தின் அன்றைய வருவாய் முறிந்தது. ஏச்சும் அடியும் கிடைத்தன. ஆனால் அருகில் ஒருவர் நின்றார். அமெரிக்கக் கொட்டிலில் தனியே நிற்கும் தொடக்கக்காரனுக்கு நேரமும் பணமும் இருக்கின்றன. அருகில் நிற்க ஒருவர் இல்லை. அவனுடைய முறிந்த ஆணிகளிற் பாதி அறியாமையால் வந்தவை; மறுபாதி அத்தனிமையால் வந்தவை.

அவன் கற்பித்தவரின் பெயர் அறியாதவன். தனக்குப் பின்னர் வருபவனையும் அறியமாட்டான். ஆயினும் செய்யக்கூடியது ஒன்று எஞ்சியுள்ளது. பொறி ஓடத் தொடங்கியபின், மாற்றிய பாகங்கள் எவை, எந்தச் செதில் எவ்வாறு முறிந்தது, எந்தத் துளை பெரிதாக்கப்பட்டு எந்த அளவு ஆணி இடப்பட்டது, எந்த மஞ்சள் பழையது, எது புதியது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு, எண்ணெய் படாமல் மடித்து இருக்கையின் அடியில் ஒட்டிவைக்கலாம். முறித்தவன் தானே என்பதையும் அதில் மறைக்காமல் எழுதலாம். இன்னும் நாற்பது ஆண்டுகளின் பின்னர் வேறொரு கொட்டிலில் வேறொருவன் அதே ஆணியில் சாவியை வைக்குமுன் அத்தாளை விரித்துப் பார்ப்பான்.